திருநீற்றில் தெரிந்த கோடு

எனக்கு எழுத்து ஒழுங்காக வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எந்த இடத்தில் ஒற்று வரும், எந்த இடத்தில் வராது என்று இப்போதும் தெரியாது. அதோடு மறதியும் சேர்ந்துகொண்டது. ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து வேறொன்றில் போய் நிற்பேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வாயால் சொல்லலாமே என்றால் அதுவும் வராது. நாலு பேர் கூடிய இடத்தில் பின்னால் போய் நின்றுகொள்கிற ஆள் நான். வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன், "டிராக்டர் எப்படிம்மா சரியாச்சு?" என்று போனில் கேட்டபோதுகூட, "ஆயிருச்சுப்பா" என்றதோடு முடித்துக்கொண்டேன். அவனோடு அறையில் தங்கியிருப்பவர்களும் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்ற கூச்சம். அன்றைக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் டிராக்டர் பழையது. மகன் தவழ்ந்துகொண்டிருந்தபோது இன்னொருவரிடமிருந்து வாங்கியது. அப்போதே அது புதிதில்லை. முன்மூடியைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கும். என்ன நிறம் என்று கேட்டால் சட்டென்று சொல்ல முடியாது. ஆனால் சாவியைத் திருப்பினால் ஏமாற்றாது.

என் வீட்டுக்காரருக்கு வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. கம்பை ஊன்றி, காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார். கந்தர்வக்கோட்டைக்கு பஸ் ஏறுவதென்றால் கண்டக்டர் கைகொடுக்க வேண்டும். டிராக்டரில் ஏறுவதற்கு மட்டும் யாரும் கைகொடுக்கக் கூடாது. உடைந்த ஆட்டுக்கல்லைக் கவிழ்த்துப் போட்டிருந்தேன். அதில் இடது காலை வைத்து, ஸ்டியரிங்கைப் பிடித்து, ஒரு மூச்சில் ஏறிவிடுவார். சீட்டில் உட்கார்ந்த பிறகு அவரைப் பார்க்கிற யாருக்கும் கால் பற்றிய நினைப்பே வராது. கிளட்ச் இடது காலுக்கு. அது நல்ல கால். பிரேக் வலது காலுக்கு. அதைப் பற்றி அவர் பேச மாட்டார்.

அந்த வண்டியில் இரண்டாம் கியர் நிற்காமல் போனது. போட்டுக்கொண்டு போவார், மேடு வந்ததும் டக்கென்று துள்ளி வெளியே வந்துவிடும். முதலில் லிவரைக் கையால் அமுக்கிப் பிடித்தே ஓட்டினார். பிறகு பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி, கியர் போட்டதும் லிவரை இழுத்துக் கட்டினார். கன்றுக்குட்டியை முளையில் கட்டுவது போல. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஏதாவது சொன்னால், "ஒனக்கென்ன தெரியும், வண்டி பழகிருச்சு" என்பார்.

எங்கள் வயலுக்குக் குளத்துக்கரை மேல் ஏறி இறங்கித்தான் போக வேண்டும். ஒருநாள் கரை ஏறும்போது டியூப் அறுந்தது. கியர் துள்ளியது. வண்டி பின்னாலேயே உருண்டது. பிரேக்கை மிதித்தாராம், முழங்காலில் பலமில்லை. கரையடியில் நின்ற பனைமரத்தில் பின்சக்கரம் மோதி நின்றது. நல்லவேளை, அவருக்குக் கீறல்கூட இல்லை. பனைக்குத்தான் காயம்.

இந்தச் செய்தி எப்படியோ மகனுக்குப் போய்விட்டது. அன்றைக்கே போன்.

"அப்பா, இனிமே நீங்க அதுல ஏறக் கூடாது. பழைய இரும்பு வாங்குறவர்கிட்ட சொல்லிட்டேன். வந்து அள்ளிக்கிட்டுப் போயிருவாரு."

"உழவுக்கு?"

"வாடகை வண்டி விட்டுக்கங்க."

வாடகை வண்டி எங்களுக்கு எப்போது வரும் என்று அவனுக்குத் தெரியாததில்லை. எங்கள் மண் செம்பொறை, சரளை கலந்த செம்மண். மழை பெய்து ஈரம் இருக்கும்போதே உழ வேண்டும். காய்ந்தால் கல். மழை விட்ட மறுநாள் ஊரே ஒரே வண்டியைக் கூப்பிடும். சின்ன வயல்காரர்களுக்கும் கரைக்கு அந்தப் பக்கம் உள்ளவர்களுக்கும் கடைசியில்தான் வருவார்கள்.

 இவர், "ஒரு தடவ கியர் பாக்ஸப் பிரிச்சுப் பாத்துருறேன். அதுக்கப்புறமும் துள்ளுச்சுன்னா நானே லாரில ஏத்திவிடுறேன்" என்றார். மகன் சரியென்றான். அப்பாவும் மகனும் இப்படி ஒரு பேச்சு வைத்துக்கொண்டார்கள். அது வெறும் வண்டியைப் பற்றிய பேச்சில்லை என்று எனக்குத் தெரியும். அந்த சீட் போய்விட்டால் இவர் வீட்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார்.

புரட்டாசி கடைசி. மழை இன்னும் வரவில்லை. கந்தர்வக்கோட்டையிலிருந்து மெக்கானிக் வந்தார். என் மகனைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருப்பார். வாய் ஓயாது. முதலில் கியர் பாக்ஸுக்கு அடியிலுள்ள போல்ட்டைக் கழற்றினார். பெயிண்ட் வாளியைக் காட்டினேன். எண்ணெய் கருங்குழம்பாக இறங்கியது. அதற்குள் பொடிப்பொடியாக ஏதோ மின்னியது. நான் உற்றுப் பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

"தங்கம் இல்ல ஆத்தா. ஐயா வண்டியோட பல்லு. தேஞ்சு கொட்டிருக்கு."

"எனக்கும்தான் கொட்டிருச்சு, என்னையும் இரும்புக்குப் போடச் சொல்லு" என்றார் வீட்டுக்காரர்.

வேப்பமரக் கிளையில் பாரம் தூக்குகிற சங்கிலிக் கப்பியான செயின் பிளாக்கைத் தொங்கவிட்டார். நடுவில் சுற்றியிருந்த போல்ட்டுகளைக் கழற்றி, பின்பாதிக்கு மரக்கட்டைகளை அணைகொடுத்து, முன்பாதியை மெதுவாக உருட்டி நகர்த்தினார். டிராக்டர் இடுப்பில் இரண்டாகப் பிரிந்து நின்றது.  இவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி அதை அப்படிப் பிடி, இதை இப்படித் திருப்பு என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"ஐயா, நீங்க டார்ச்ச மட்டும் புடிங்க. அதுவே பெரிய உதவி."

சுத்தமான துணி வேண்டும் என்று மெக்கானிக் கேட்டதும், இவருடைய பழைய வேட்டியைக் களத்தில் விரித்தேன். உள்ளே இருந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். முதலில் எடுத்தது கிழக்கு ஓரத்தில். அடுத்து எடுத்தது அதற்குப் பக்கத்தில். மாட்டும்போது மேற்கிலிருந்து திரும்பி வர வேண்டும். வரிசை மாறினால் எல்லாம் போச்சு என்றார். ஒவ்வொன்றாக எடுத்து, டீசலில் பிரஷ் போட்டுக் கழுவித் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைப்பது என் வேலை. பல்சக்கரங்கள், சாப்ட்டுகள், பேரிங்குகள். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. யாரும் என்னோடு பேச வேண்டியதில்லை, நானும் யாரோடும் பேச வேண்டியதில்லை. கோழி ஒன்று வந்து பேரிங் குண்டைக் கொத்திப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போயிற்று.

அந்தச் சாமான்களில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். மெக்கானிக் அதை போர்க் என்றார். வேலிக்கு வெட்டுவோமே கவைக்கம்பு, அதே சாடையில் இரும்பில் இருக்கும். எனக்கு அது கவைதான். நாம் லிவரைத் தள்ளினால், உள்ளே இந்தக் கவைதான் பல்சக்கரத்தைக் கவ்விப் பிடித்துத் தள்ளி, அடுத்த சக்கரத்தோடு சேர்க்கிறது. இரண்டாம் கியரின் கவையை நான் கழுவியபோது அதில் ஒரு குறையும் தெரியவில்லை. மெக்கானிக்கும் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது நல்லாருக்கு" என்று வைத்துவிட்டார்.

இரண்டாம் கியரின் பல்சக்கரத்தைத்தான் கையில் வைத்துக்கொண்டு உச்சுக்கொட்டினார். பல்லின் ஓரமெல்லாம் மழுங்கிப் போயிருந்தது. "இதான் ஆளு. இத மாத்துனா வேலை முடிஞ்சுது" என்றார். மறுநாள் ஆயுத பூசை. அவருடைய பட்டறையிலும் பூசை உண்டு. அது முடிந்து சக்கரம் வாங்கிக்கொண்டு வருவதாகச் சொல்லிப் போனார்.

பூசையன்று காலை என் நாத்தனார் வந்தார். இவருக்கு மூத்த அக்கா, பக்கத்து வீடு. அந்த வீட்டில் என்ன பேசினாலும் எங்கள் வீட்டில் கேட்கும்.

"ஏண்டா தம்பி, வருசா வருசம் மாலையும் பொட்டுமா நிக்கிற வண்டி. இந்த வருசம் இப்புடி வயித்தக் கிழிச்சுப் போட்டுருக்கியே. பூசைய எதுக்குப் பண்ணுவ?"

"அக்கா, இந்த வருசம் வேணாம். விடு."

"வேணாமா? சோறு போட்ட இரும்புடா."

சொல்லிவிட்டு அவரே ஒரு கிண்ணத்தில் திருநீற்றைத் தண்ணீர் விட்டுக் குழைத்து எடுத்து வந்தார். களத்தில் குனிந்து, வேட்டியில் கிடந்த ஒவ்வொரு சாமானுக்கும் மூன்று விரலால் பட்டை போட்டார். நடுவில் குங்குமம். எனக்கு மனசு அடித்துக்கொண்டது. அப்போதுதான் தூசு துரும்பு இல்லாமல் கழுவி வைத்திருக்கிறேன். ஆனால் நாத்தனாரை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. என் மாமியார் இருந்தபோதே அவரை எதிர்த்ததில்லை.

"என்னத்தா முழிக்கிற? ஓங்குண்டுமணியெல்லாம் நானா திங்கப் போறேன்?" என்றார் என்னைப் பார்த்து. "சூடத்தைக் கொளுத்து."

கொளுத்தினேன். தேங்காய் உடைத்தார். எலுமிச்சம்பழத்தை வைக்கச் சக்கரம் எது என்று குழம்பி, முன்பாதியின் சக்கரத்துக்கு ஒன்றும் பின்பாதியின் சக்கரத்துக்கு ஒன்றும் வைத்தார். இவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி கைகூப்பினார். இவர் கும்பிட்டது எதை நினைத்து என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் மெக்கானிக் வருவதற்குள் திருநீற்றையெல்லாம் கழுவிவிட வேண்டும் என்று காலையிலேயே டீசலோடு களத்துக்குப் போனேன். கிழக்கிலிருந்து ஆரம்பித்தேன். கவையைக் கையில் எடுத்தபோது நின்றுவிட்டேன். அதன் கழுத்தில் போட்டிருந்த பட்டை நன்றாகக் காய்ந்து வெள்ளை வெளேரென்று இருந்தது. அந்த வெள்ளையில் குறுக்காக ஒரு கறுப்புக் கோடு. தலைமுடி விழுந்துகிடக்கிறது என்று நினைத்து ஊதினேன். போகவில்லை. கிள்ளிப் பார்த்தேன். முடியில்லை.

துடைத்தேன். அடியில் இரும்பு வழவழவென்று இருந்தது. கோடு இல்லை. மற்ற சாமான்களின் பட்டைகளைப் போய்ப் பார்த்தேன்; எதிலும் கோடில்லை. சில இடங்களில் லேசாக எண்ணெய் ஊறி மங்கியிருந்தது, அவ்வளவுதான். வீட்டுக்குள் போய்த் திருநீறு எடுத்து வந்து, கவையின் கழுத்தில் மறுபடி குழைத்துப் பூசி வெயிலில் வைத்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து பார்த்தேன். அதே இடத்தில் அதே கோடு திரும்ப வந்திருந்தது.

எங்கள் வீட்டில் ஒரு மண் அகல் இருந்தது. பார்க்க நன்றாக இருக்கும். திரி போட்டு வைத்தால் கோலமாவின் மேல் எண்ணெய்க் கோடு விழும். விரிசல் நம் கண்ணுக்குத் தெரியாது, எண்ணெய்க்குத் தெரியும். இரும்பிலும் அப்படி இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. இருந்தால், இந்தக் கவை வாய் பிளந்திருக்கிறது என்று அர்த்தம். சக்கரத்தை மட்டும் மாற்றினால் கரையில் மறுபடி அதுதான் நடக்கும். அப்புறம் இரும்புக்கடைதான்.

மெக்கானிக் வந்தார். புதுச் சக்கரத்தைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கழுவாமல் மிச்சமிருந்த சாமான்களைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார்.

"யாரு இது? பேரிங்குக்கெல்லாம் விபூதியா?"

"நாந்தாண்டா. என்ன இப்ப?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து நாத்தனார் குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல அப்பத்தா. பழனிக்குப் போற மாதிரி இருக்குன்னேன்."

"ஒனக்கும் ஒரு பட்டை போட்டாத்தான் வாய் அடங்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் இவருக்குப் பக்கத்தில் போய், "ஏங்க, அந்தக் கவையில..." என்று ஆரம்பித்தேன். இவர் புதுச் சக்கரத்தின் பல்லைத் தடவிக்கொண்டிருந்தார். "இரு புள்ள, வேலை நடக்குதுல்ல" என்றார். மெக்கானிக் என்னோடு சேர்ந்து எல்லாவற்றையும் டீசலில் அலசி, மேற்கு ஓரத்திலிருந்து மாட்ட ஆரம்பித்தார். நான் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க உள்ளே போய்க்கொண்டிருந்தன. சொல்ல வேண்டும் என்று நினைக்கும்போதெல்லாம் அவர் ஏதாவது வேடிக்கையாகப் பேசினார்.  வெளியாளிடம் வேலையைப் பற்றி நான் என்ன சொல்வது?

கவையின் முறை வந்தது. அவர் திரும்பாமலே கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"ஆத்தா, போர்க்கு."

மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"ஆத்தா, அந்தக் கவை மாதிரி இருக்குமே, அது."

அவர் திரும்பிப் பார்த்தார். இவரும் பார்த்தார். "குடேன், என்ன இது?" என்றார். நான் இடுப்பில் செருகியிருந்த திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, எச்சில் தொடாமல் தண்ணீரில் குழைத்து, கவையின் கழுத்தில் பூசி வெயிலில் வைத்தேன். மெக்கானிக் என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆத்தாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார். டீ வைத்துக் கொடுத்தேன். குடித்து முடிப்பதற்குள் வெள்ளை காய்ந்தது. கோடு வந்தது. விரலால் காட்டினேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கவையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு அதன் ஒரு காலை ஸ்பேனருக்கு அடியில் கொடுத்து லேசாக நெம்பினார். கோடிருந்த இடத்தில் இரும்பு மயிரிழை திறந்து மூடியது.

"அடேங்கப்பா" என்றார்.  மறுபடி நெம்பி இவருக்குக் காட்டினார். "ஐயா, பாருங்க. பாரம் வாங்கும்போதெல்லாம் இது வளஞ்சுருக்கு. வளஞ்சா சக்கரத்த முழுசாத் தள்ளாது. அரைகுறையாக் கடிச்சுத்தான் பல்லு மழுங்கிருக்கு. பல்லப் பாத்தேன், இதக் காணல."

"சாமி காட்டிக்குடுத்துருச்சு. நீ பழனின்னு கேலி பண்ணுனீல்ல" என்றார் நாத்தனார். அதற்குள் வேலியைச் சுற்றி வந்திருந்தார்.

"கன்னத்துல போட்டுக்கிறேன் அப்பத்தா. இன்னுங் கொஞ்சம் திருநீறு குடுங்க, மத்த ரெண்டு போர்க்கையும் பாத்துருவோம்."

அது எண்ணெய் என்று எனக்குத் தெரியும். ஆனால் பட்டை போட்டது நாத்தனார்தானே. பொட்டலத்தை அவரிடமே நீட்டினேன்.

அந்தப் பழைய வண்டிக்குக் கவை புதிதாகக் கிடைக்காது. பழைய டிராக்டர் பிரிக்கிற இடங்களில் தேட வேண்டும் என்று மெக்கானிக் புதுக்கோட்டைக்குப் போனார். அங்கே இல்லையென்று திருச்சிப் பக்கம் போனார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம். மழை விட்டதும் நாலா பக்கமும் டிராக்டர் சத்தம். இவர் வாசலில் நாற்காலியைப் போட்டு, எந்தச் சத்தம் யாருடைய வயலில் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால், "இருக்கட்டும்" என்றார்.

அந்தச் சமயம் பார்த்து இரும்புக்கடைக்காரர் சின்ன லாரியோடு வந்து இறங்கினார். மகன் சொன்ன ஆள். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அட, ரெண்டா வெட்டியே வச்சுட்டீங்களா? எனக்கு வேலை மிச்சம்" என்றார். நல்ல மனுஷன்தான், விளையாட்டாகச் சொன்னார். இவர் முகம் செத்துப்போயிற்று.

"இன்னும் முடியல. முடியலன்னா சொல்லி அனுப்புறேன்" என்றார்.

அன்றைக்கு இவர் கம்பை எடுக்கவே இல்லை. நாற்காலியிலேயே இருந்தார்.

கவை கிடைத்துவிட்டது. மெக்கானிக் மழையில் நனைந்துகொண்டே கொண்டுவந்தார். வந்ததும் என் கையில்தான் கொடுத்தார். "இதுக்கும் பூசுங்க ஆத்தா. இதுவும் பழசுதான், நம்ப முடியாது." எண்ணெயில் ஊறப்போட்டு, துடைத்து, திருநீறு பூசி அடுப்படிச் சூட்டில் வைத்தேன். காய்ந்த பிறகு எடுத்து வந்தேன்.

"கோடு இருக்கா ஆத்தா?"

"இல்லப்பா. சுத்தமா இருக்கு."

அவரோடு நான் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் கவனித்தாரோ என்னவோ.

பிறகு எல்லாம் மாட்டினார். முன்பாதியைத் திரும்ப உருட்டி வந்து சேர்க்கும்போது சாப்ட் துவாரத்தில் ஏறாமல் அடம்பிடித்தது. மெக்கானிக் இப்பக்கம் நெம்ப, இவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து அங்கிட்டு நின்று, "இன்னும் மயிரளவு எறக்கு" என்றார். டக்கென்று உட்கார்ந்தது. போல்ட்டுகளை முடுக்கி, புது எண்ணெய் ஊற்றினார்கள். எண்ணெய் தேன் நிறத்தில் இருந்தது.

மண்ணில் ஈரம் இன்னும் இருந்தது; கொஞ்சம்தான். இவர் ஆட்டுக்கல்லில் கால் வைத்து ஏறினார். மெக்கானிக் கூடவே ஏறிக்கொள்வதாகச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டார். குளத்துக்கரை வரை நாங்கள் பின்னால் நடந்தோம். சக்கரத்துக்கு அடியில் போட ஒரு மரக்கட்டையை நான் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நடந்தேன். உருண்டால் போட்டுவிட வேண்டும். போட முடியுமா என்றெல்லாம் யோசிக்கவில்லை.

கரையடியில் நிறுத்தி இரண்டாம் கியர் போட்டார். ஏறியது. பனைமரத்தைத் தாண்டியது. போன தடவை துள்ளிய இடம் அதற்குக் கொஞ்சம் மேலே. அந்த இடத்தில் சத்தம் கனத்தது. இவர் கை லிவர் மேல் இருந்ததைப் பார்த்தேன். பிறகு அந்தக் கையை எடுத்தார். எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டார். வண்டி அதுபாட்டுக்கு ஏறி, கரைமேல் போய், அங்கிட்டு இறங்கிக் கண்ணுக்கு மறைந்தது. கொஞ்ச நேரத்தில் வயலில் கலப்பை மண்ணில் இறங்குகிற சத்தம் கேட்டது.

"ஆத்தா, கட்டையக் கீழ போடுங்க" என்றார் மெக்கானிக். அப்போதுதான் அதை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

அன்று மாலை இவரே மகனுக்குப் போன் போட்டார். "லாரிக்காரர்கிட்ட வேணாம்னு சொல்லிருப்பா" என்றார். மகன் ஏதோ கேட்டான். "உங்கம்மாகிட்டக் கேளு" என்று போனை என்னிடம் நீட்டிவிட்டார். அப்போது நான் சொன்னதைத்தான் முதலிலேயே எழுதிவிட்டேன்.

இதில் சாமான்களின் பெயர்களை நான் கேட்டபடி எழுதியிருக்கிறேன். எது எதற்கு முன்னால் கழற்றப்பட்டது, கவை மொத்தம் எத்தனை, துள்ளியது இரண்டாம் கியரா மூன்றாம் கியரா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. இவரைக் கேட்டால் ஒருநாள் ஒன்று சொல்கிறார், மறுநாள் வேறு சொல்கிறார். டிராக்டர் வேலை தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தவறு இருக்கிற இடத்தைச் சரிபார்த்துத் திருத்திக் கொடுங்கள். கரைமேல் அவர் கையை எடுத்ததை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.